மாங்காய் நறுக்கத் தெரியாத கத்தி

சில வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அலகு முழுக்கக் கறுப்புப் பூச்சு, அடிப்பாதியில் ரம்பம் மாதிரி பல், பிடியின் வாலில் காரின் கண்ணாடியை உடைக்க ஒரு கூர்முனை. கட்டைவிரலால் தள்ளினால் 'சடக்' என்று திறந்துகொள்ளும். அலகின் மேல் '440 ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருந்தது. படத்தில் பார்த்ததைவிட நேரில் இன்னும் மிடுக்கு.

முதல் வேலையாக ஒரு கிளிமூக்கு மாங்காயை எடுத்து, கொட்டையை ஒட்டி ஒரு பக்கத்தை அரிந்தெடுக்கப் பார்த்தேன். கத்தி கால் அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தினேன். 'டக்' என்று சத்தம். மாங்காய்ப் பத்தை பிய்த்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. வெட்டிய முகம் வழவழவென்று இல்லை, விறகு பிளந்த மாதிரி சொரசொரவென்று இருந்தது. கத்தி மொட்டைபோல என்று செய்தித்தாளை இழுத்துப் பார்த்தால், தாளைச் சுத்தமாக அறுக்கிறது. கூர் இருக்கிறது, ஆனால் நறுக்க மாட்டேன் என்கிறது. இது எப்படி?

கத்திக்கு இரண்டு வேலை உண்டு. விளிம்பு பொருளுக்குள் வழி உண்டாக்க வேண்டும். அப்புறம் அந்த வழியில் கத்தியின் மீதி உடம்பு நுழைந்து போக வேண்டும். தாள், நூல், பார்சல் டேப் இவற்றுக்கு முதல் வேலை போதும், பொருள் தானாகவே விலகிக்கொள்ளும். மாங்காய், கேரட், கெட்டி அட்டை எல்லாம் அப்படி விலகாது. உடம்பு தடியாக இருந்தால் இரண்டு பக்கமும் கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அழுத்தினால் பொருள் வெட்டுப்படாமல் பிளக்கும்.

பிறகு வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன். முதுகில் 4 மில்லிமீட்டர். அது பரவாயில்லை, கோடரிக்குக்கூட முதுகு தடிதான். பிரச்சினை கீழே. அலகின் சரிவு பாதி உயரத்தில்தான் தொடங்குகிறது என்பதால், கூர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் தடிமன். வீட்டில் காய் நறுக்கும் கத்தியில் அதே இடம் 0.3 மில்லிமீட்டர். மாங்காய்க்குள் நான் இறக்கியது சிறியதாக ஒரு ஆப்பு. காசு கொடுத்து எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு என்றும் சொல்லலாம்.

ஏன் இப்படித் தடியாகச் செய்கிறார்கள்? படத்தில் தடித்த அலகு பலசாலியாகத் தெரியும், அது ஒன்று. மெல்லியதாக அரைத்து எடுக்க நேரம் பிடிக்கும், சூட்டில் போட்டுப் பதம் ஏற்றும்போது மெல்லிய அலகு கோணிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். ஆகவே மலிவு விலையில் தடிமனே லாபம். இன்னொன்றும் உண்டு. வாங்குகிறவர்களில் பலர் கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்துவார்கள். பெயின்ட் டப்பா மூடியைத் திறப்பதும் ஆணியைப் பிடுங்குவதுமாக இருப்பார்கள். மெல்லிய முனை ஒடிந்தால் புகார் வரும். மாங்காய் பிளந்தால் யாரும் புகார் எழுதுவதில்லை, கூர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு கத்தியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள்.

நேர் எதிரான உதாரணம் பிரான்ஸின் ஒபினெல். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள சவோய் பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-இல் உருவாக்கிய கத்தி அது. மரப்பிடி, ஒரே அலகு, அலங்காரம் ஒன்றும் கிடையாது. 1897-இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகள் வகுத்தார்கள். இன்று அதிகம் பேர் வாங்குவது 8-ஆம் எண், அலகு 8.5 சென்டிமீட்டர். அதன் முதுகே 2 மில்லிமீட்டருக்குக் குறைவு, அங்கிருந்து கூர் வரை ஒரே சரிவாக மெலிந்துகொண்டே வரும். பார்த்தால் பொம்மைக் கத்தி போல இருக்கும். ஆப்பிளை வைத்து இழுத்தால் சத்தமே வராது.

கடையில் கத்தியைக் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால், முனையை உங்கள் பக்கம் திருப்பாமல், அலகை மேலிருந்து கீழாகக் குறுக்குவெட்டாக மனதில் கற்பனை செய்து பாருங்கள். சரிவு முதுகிலேயே தொடங்குகிறதா, பாதியில் தொடங்குகிறதா? பாதியிலோ அதற்குக் கீழேயோ தொடங்கினால் அது வீட்டு வேலைக்கு ஆகாது. வீட்டுக்கு வந்தபின் சோதிக்கக் கேரட் போதும். தடித்த கேரட்டைக் குறுக்கே வெட்டும்போது பாதியில் 'டக்' என்று முறிகிற சத்தம் வந்தால் கத்தி ஆப்பு வேலை செய்கிறது.

அடுத்தது அந்த '440'. புதிதாக வாங்குகிறவர் முதலில் கேட்பது "என்ன ஸ்டீல்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பதில் பெயரில் மட்டும் இல்லை. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேய்ந்துபோகாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அப்போது சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்து காய்ச்சிய எஃகு துருப்பிடிக்கவில்லை என்று கண்டார். ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர். உடனே அதில் கத்தி செய்து பார்த்தார்கள். பட்டறைக்காரர்கள் வழக்கமான இரும்புக்குக் கொடுக்கும் சூட்டையே இதற்கும் கொடுத்தார்கள், பதம் ஏறவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர் என்று பிரேர்லியைக் கேலி செய்தார்கள். எஃகில் குறையில்லை, இதற்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும். அது பிடிபட்டதும் அதே எஃகு நல்ல கத்தியாகிவிட்டது.

இன்றைக்கும் கதை அதேதான். எஃகு எது என்பதில் பாதி, அதற்கு எப்படிப் பதம் ஏற்றினார்கள் என்பதில் பாதி. பெயரை அலகில் பொறிக்கலாம், பதத்தைப் பொறிக்க முடியாது. பெயரிலும் விளையாட்டு உண்டு. 440 என்பது ஒரே எஃகு இல்லை, ஏ, பி, சி என்று மூன்று. 440ஏ-யில் கார்பன் 0.6 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.2 சதவீதம். கார்பன்தான் கடினத்தைத் தருவது. எழுத்தைச் சொல்லாமல் வெறும் 440 என்று போட்டிருந்தால் நான் அதை ஏ என்றே வைத்துக்கொள்வேன். 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் எதுவுமே எழுதவில்லை என்று அர்த்தம்.

எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் சிவப்பு சுவிஸ் கத்தி அலகு சுமார் 56. விலை உயர்ந்த கத்திகளில் 60, அதற்கு மேலும் போகும். 60 உள்ள அலகு வெகுநாள் கூராக இருக்கும், ஆனால் மழுங்கிவிட்டால் தீட்டி எடுப்பதற்குள் தோள் வலிக்கும், நெம்பினால் சில்லு பெயரும். 56 சீக்கிரம் மழுங்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடி கூராகிவிடும். முதல் கத்தி வாங்குகிறவருக்கு நான் 56-ஐத்தான் சொல்வேன். பெரிய விலை கொடுத்து கடின எஃகில் வாங்கி, தீட்டத் தெரியாமல் மழுங்கலாகவே பையில் வைத்துச் சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒபினெல்லில் ஸ்டெயின்லெஸ், கார்பன் எஃகு என்று இரண்டு வகை. கார்பன் அலகை வாங்கியவர்கள் ஒரே வாரத்தில் ஏமாந்துபோவது உண்டு. எலுமிச்சை வெட்டியதும் கறுத்துவிட்டது, போலிச் சரக்கு என்பார்கள். பாட்டி வீட்டு இரும்பு அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கியதைப் பார்த்தவருக்கு இது புதிதாக இருக்காது. வாழைக்காயும் கறுக்கும், இரும்பும் கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, துரு சுலபமாக ஏறாமல் ஓரளவு தடுக்கவும் செய்யும். செந்நிறத் துரு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். துடைத்துவிட்டு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும். சுவிஸ் கத்தியை வைப்பது போல ஈரத்தோடு மடக்கி வைத்தால் கார்பன் அலகு பழிவாங்கும்.

சரி, இதுவரை சொன்னது எல்லாக் கத்திக்கும் பொருந்தும். மடக்குக் கத்திக்கென்று தனியாக உள்ள சங்கடம், அது நடுவில் உடைந்த கத்தி என்பது. ஒரு கீல் இருக்கிறது, கீல் என்றால் ஆட்டம் இருக்கும். நம் ஊருக்கு இது புதிய யோசனை இல்லை. ஓலைச்சுவடி எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. எழுத்தாணியையும் ஓலை நறுக்கும் கத்தியையும் கைப்பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்வார்கள். மடக்குக் கத்திக்கு வில்லுக்கத்தி என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் உள்ள வில்தான் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் பட்டை.

வில் மட்டும் உள்ள கத்தியில் பூட்டு கிடையாது. சுவிஸ் கத்தி அப்படித்தான். திறந்ததும் ஸ்பிரிங் அலகின் அடிக்கட்டையை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவே. வெட்டும்போது கூர்ப்பக்கம் விசை வருவதால் அலகு இன்னும் திறக்கும் திசையில்தான் தள்ளப்படும், ஆபத்தில்லை. முனையால் குத்தினாலோ, முதுகைத் தட்டினாலோ அலகு விரல் மேல் மடங்கும். "கத்தி கையை வெட்டிவிட்டது" என்று சொல்பவரிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்திருப்பார். சுவிஸ் கத்தியில் அதற்கென்றே ஒரு ஊசி பின்பக்கம் இருக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

பூட்டு வேண்டுமென்றால் பல வகை உண்டு. ஒபினெல்லில் 1955-இல் வந்த உலோக வளையம் ஒன்று இருக்கிறது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் மடங்கும் வழி அடைபட்டுவிடும். எளிமையில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1960-களில் பக் நிறுவனத்தின் 110 என்ற மடக்குக் கத்தி பிரபலமாக்கியது முதுகுப் பூட்டு. பிடியின் முதுகில் உள்ள ஒரு நெம்புகோல் அலகின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும்.

இன்று மலிவுக் கத்திகளில் அதிகம் காண்பது உள்தகட்டுப் பூட்டு. அதன் இன்றைய வடிவத்தைச் செம்மைப்படுத்தியவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர், 1980-களில். பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு கீற்றை வளைத்து வைத்திருப்பார்கள். அலகு திறந்ததும் அந்தக் கீற்று உள்ளே தாவி அலகின் அடிக்கட்டைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். நன்றாகச் செய்தால் அருமையான பூட்டு. மட்டமாகச் செய்தால் இதைவிட மோசமானது கிடையாது, ஏனென்றால் பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் கவனத்தை விட்டுவிடுவோம்.

நான் வாங்கிய கத்தியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அந்தக் கீற்று அலகின் அடிக்கட்டையில் ஒரு ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. நகத்தின் நுனி அளவு. குறைந்தது கால்வாசியாவது உள்ளே வந்து நின்றால்தான் நம்பலாம். அலகைத் திறந்து, பிடியை மேற்பக்கமாக மட்டும் பிடித்துக்கொண்டு, விரல்கள் எதுவும் அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பார்த்து, நாலாக மடித்த துண்டின் மேல் அலகின் முதுகை மெதுவாக அழுத்தினேன். அடிக்கக்கூட இல்லை. 'கிளிக்' என்று கீற்று நழுவி அலகு மடங்கிவிட்டது. அன்றோடு அந்தக் கத்தியின் உத்தியோகம் முடிந்தது.

நல்ல கத்தியில்கூட அந்தக் கீற்றின் பாதையில் சட்டைப்பைப் பஞ்சு அடைத்துக்கொண்டால் பூட்டு முழுதாக விழாது. மாதத்துக்கு ஒருமுறை பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்தாலே போதும்.

ஆட்டத்திலும் இரண்டு வகை இருப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அலகைத் திறந்து, முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீல் திருகு தளர்ந்திருக்கிறது. அது நட்சத்திர வடிவத் திருகாக இருக்கும், டி6 அல்லது டி8 முனை உள்ள திருப்புளி வேண்டும். துளித்துளியாக முறுக்கி, அலகு சுலபமாகவும் திறக்க வேண்டும், ஆடவும் கூடாது என்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மறுபடி மறுபடி தளர்ந்தால் திருகில் நீல நிறத் திரெட்லாக்கர், அதாவது திருகு தளராமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடாக்காமல் கழற்றவே முடியாது. இதைச் செய்யத் தெரியாமல் "ஒரே மாதத்தில் லொடலொடத்துவிட்டது" என்று நல்ல கத்தியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. முதுகிலிருந்து கூர்ப்பக்கமாக, மேலும் கீழுமாக ஆடினால் கதை வேறு. அது பூட்டின் பொருத்தம் சரியில்லை என்பதற்கு அடையாளம், திருகை முறுக்கிச் சரிசெய்ய முடியாது. வாங்கிய முதல் நாளே இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஆணி அடித்துச் செய்யும் சுவிஸ் கத்தியிலும் ஒபினெல்லிலும் முறுக்கத் திருகே கிடையாது. ஒபினெல்லில் வேறொரு கூத்து உண்டு. அதன் பிடி பீச் மரம், ஈரம் குடித்து உப்பிக்கொள்ளும். ஐப்பசி மழையில் என் ஒபினெல் இரண்டு வாரம் திறக்க மறுத்தது. அலகில் உள்ள நகக்குழியைப் பிடித்து இழுத்து நகம்தான் உடைந்தது. சவோய்க்காரர்களுக்கு இதற்கு ஒரு வித்தை இருக்கிறது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிக்கொண்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் 'டொக்' என்று தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எம்பும். அதைப் பிடித்து இழுத்தால் திறந்துவிடும். குறை என்றும் சொல்லலாம், குணம் என்றும் சொல்லலாம். எனக்குப் பழகிவிட்டது.

பெயரை நம்பி ஏமாறுவதும் நடக்கும். பிரான்ஸின் லாயோல் கத்தி நல்ல உதாரணம். லாயோல் ஒரு கிராமத்தின் பெயர், ஒல்லியான இடை, முதுகில் ஒரு ஈ உருவம், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வெகுகாலம் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் கத்தியில் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை இருந்ததால், எங்கெங்கோ செய்த மலிவுக் கத்திகளிலும் அதே பெயரும் அதே ஈயும் இருக்கும். பரிசாக வாங்கி வந்த அழகான பெட்டிக்குள் இருப்பது எது என்பது பெயரைப் படித்துத் தெரியாது. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட நகல்களும் அப்படியே. பதினைந்து கருவிகள் இருக்கும், கத்தரிக்கோல் நூலைக்கூட வெட்டாமல் மென்று துப்பும்.

ஒரே கத்தியில் பல வேலைகளைத் திணிப்பது பற்றி ஒரு வார்த்தை. பாதிப் பல் வைத்த அலகை வாங்காதீர்கள். பிடிக்குப் பக்கத்தில் உள்ள பகுதிதான் கைக்கு நன்றாக அடங்கி, நுணுக்கமான வேலை செய்யும் இடம். அங்கேதான் பல்லை வைத்துத் தொலைக்கிறார்கள். பல்லைச் சாதாரணக் கல்லில் தீட்டவும் முடியாது.

பூட்டை எல்லா இடத்திலும் வரம் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் இருக்கும் உறவினருக்குப் பரிசாக வாங்குவதாக இருந்தால் கவனிக்கவும். பிரிட்டனில் தகுந்த காரணம் இல்லாமல் வெளியிடத்தில் வைத்திருக்கலாம் என்று சட்டம் விலக்கு தருவது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்குத்தான். பூட்டுள்ள ஒபினெல் அந்த விலக்கில் வராது. விமானத்தில் எந்தக் கத்தியாக இருந்தாலும் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கடைசியாக, கத்தி மேல் பழி போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளும் விஷயம்: தீட்டுவது. புதுக் கத்தி பட்டறையிலிருந்து வரும்போதே அரைகுறைக் கூரோடு வருவது சகஜம். கூராக வந்தாலும் அட்டைப்பெட்டி நாலைக் கிழித்தால் மங்கும், அட்டை எஃகைத் தேய்க்கும். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். மெல்லிய அலகு சுழலும் சக்கரத்தில் சட்டென்று சூடாகும், விளிம்பில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் பதம் போச்சு.

இரண்டு பக்கமும் வேறு வேறு கரகரப்புள்ள தீட்டுக்கல் ஒன்று போதும். தண்ணீர் தெளித்து, அலகைப் படுக்க வைத்து, முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும். அலகின் அகலம் 20 மில்லிமீட்டர் என்றால் முதுகு கல்லிலிருந்து 6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், ஒரு பென்சில் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய 17 டிகிரி வரும். அந்தக் கோணம் பிடிபடவில்லை என்றால், விளிம்புச் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மேல்பக்க மை மட்டும் போயிருந்தால் முதுகைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறீர்கள். நுனி மை மட்டும் போயிருந்தால் அதிகம் தூக்கியிருக்கிறீர்கள். ஒரு பக்கமே தீட்டிக்கொண்டிருங்கள், எதிர்ப்பக்க விளிம்பில் விரலைக் குறுக்கே வைத்து மெதுவாக வெளிப்பக்கம் தடவினால் ஒரு பிசிறு நெருடும். அது நீளம் முழுக்க நெருடிய பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். பெரும்பாலோர் பிசிறு வருவதற்கு முன்பே திருப்பித் திருப்பித் தேய்த்துவிட்டு, கல் சரியில்லை என்பார்கள். இரண்டு பக்கமும் பிசிறு எழுந்து, பிறகு லேசான இழுப்புகளில் அது உதிர்ந்ததும், பழைய தோல் பெல்ட்டின் பின்பக்கத்தில் பத்துமுறை, முதுகு முன்னால் போகும்படி இழுங்கள்.

என்னுடைய கறுப்புக் கத்தியை இந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தீட்டிப் பார்த்தேன். தாளை இன்னும் நன்றாக அறுத்தது, மாங்காயை முன்புபோலவே பிளந்தது. பூட்டும் ஆகாது என்பதால் அலகைக் கழற்றி எடுத்துவிட்டேன். மீந்த பிடி மொட்டை மாடிக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் செருகியிருக்கிறது. மாங்காய்க்கு ஒபினெல்தான், மழை இல்லாத நாட்களில்.